தெரிந்த பதில் தொண்டையில் நிற்கிறதா?

"ஆறு வருஷமா இதே வேலையைத்தான் பார்க்கிறேன். ஆனா, இன்டர்வியூவுல உட்கார்ந்ததும் ஒண்ணுமே ஓட மாட்டேங்குது!"

சாஃப்ட்வேர் துறையில் இருக்கும் பலரிடமும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். உங்கள் மகனோ மருமகளோ சொல்லியிருக்கலாம். ஏன், நீங்களே சொல்லியிருக்கலாம்!

படிப்பை முடித்த கையோடு போகிற முதல் இன்டர்வியூ வேறு. அப்போது கல்லூரி வாசலுக்கே கம்பெனி வரும். கூடவே நூறு நண்பர்கள் இருப்பார்கள். இது இல்லாவிட்டால் இன்னொன்று என்ற தைரியமும் இருக்கும். ஐந்தாறு வருட அனுபவத்துக்குப் பிறகு போகிற இன்டர்வியூ அப்படியல்ல. வீட்டுக் கடன் தவணை இருக்கிறது. குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. 'ஆட்குறைப்பு வரப்போகுதாம்' என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருக்கிறது. பகல் முழுக்க வேலை, சாயங்காலம் வெளிநாட்டு கிளையன்ட்டோடு மீட்டிங்... எல்லாம் முடிந்து படிக்க உட்காரும்போது மணி பத்தரை!

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தூக்கத்தை வெட்டி, காபியை ஊற்றிக்கொண்டு, இரண்டு மணி வரை கண் விழித்து, ஏதோ ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கிறார்கள். ஆனால், நடக்கப்போவது எழுத்துப் பரீட்சை இல்லையே! முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லி, தெரிந்ததைச் சட்டென்று எடுத்து வைக்க வேண்டிய காரியம் அது. அதற்குப் பாடம் மட்டும் போதாது. உடம்பும் மனசும் பழகியிருக்க வேண்டும்.

பதற்றம் கோழைத்தனமா?

இல்லவே இல்லை. 1993-ல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், சோதனைக்கூடத்தில் ஒருவருக்கு மன அழுத்தத்தை வரவழைக்க ஒரு வழியை வெளியிட்டார்கள். ஷாக் கொடுப்பதெல்லாம் இல்லை. "நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். இந்தக் குழுவின் முன்னால் ஐந்து நிமிடம் பேசி, அந்த வேலைக்கு நீங்கள்தான் பொருத்தம் என்று நம்ப வையுங்கள்" என்றார்கள். அது முடிந்ததும், 1022-லிருந்து 13 பதிமூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். தப்பு விட்டால் மறுபடி 1022-லிருந்து! அவ்வளவுதான். எச்சிலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறிவிட்டது. மன அழுத்தம் பற்றிய ஆராய்ச்சிகளில் இன்றைக்கும் உலகெங்கும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

கவனித்தீர்களா? அழுத்தத்தை வரவழைக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது இரண்டே விஷயங்கள். ஒன்று, வேலைக்கான இன்டர்வியூ. இன்னொன்று, மற்றவர் எதிரில் மனக்கணக்கு. சாஃப்ட்வேர் இன்டர்வியூவில் இந்த இரண்டும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன! பிறகு இதயம் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

அந்த நேரத்தில் உடம்புக்குள் அட்ரினலின் சுரக்கிறது. நாடி வேகமாகிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. கார்ட்டிசால் ஏறும்போது, ஏற்கெனவே மனசில் பதிந்ததை வெளியே எடுப்பது சிரமமாகிறது. போதாததற்கு, 'அவர் என்ன நினைக்கிறாரோ' என்ற கவலையும் மூளையின் ஒரு பகுதியை அடைத்துக்கொள்கிறது. கணக்குப் போட வேண்டிய சின்ன சிலேட்டில் பாதியைக் கவலையே கிறுக்கிவிட்டால், மிச்ச இடத்தில் என்ன எழுதுவது?

2020-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து நடத்தியது. கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த 48 பேரிடம் ஒரே மாதிரி புரோகிராம் கணக்கைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர், ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, வாய்விட்டுப் பேசியபடி போர்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் தனி அறையில் எழுதலாம். பார்வையாளர் இருந்தபோது திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது! இன்னொன்றையும் கவனியுங்கள். ஆள் பார்க்க எழுதிய பெண்களில் ஒருவர்கூட விடையைச் சரியாக முடிக்கவில்லை. தனி அறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் முடித்துவிட்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும், 'எனக்குத் திறமையே இல்லை' என்று அழுகிற பெண்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். குறைவது பல சமயம் திறமை இல்லை, பழக்கம்தான். பழக்கத்தை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

என்னதான் கேட்பார்கள்?

எதற்குத் தயாராகிறோம் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும், அனுபவசாலிகளுக்கு நடக்கும் இன்டர்வியூவில் பொதுவாக நான்கு விதமான சுற்றுகள் இருக்கும்.

முதலாவது, புரோகிராம் எழுதும் சுற்று. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றிரண்டு கணக்கு. விடையை மட்டும் பார்ப்பதில்லை. 'இந்த வழியில் நேரம் அதிகமாகும், அந்த வழியில் நினைவகம் அதிகமாகும். அதனால் இதை எடுக்கிறேன்' என்று நீங்கள் சொல்வதையும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, சிஸ்டம் டிசைன். நீளமான இணைய முகவரியைச் சின்னதாக்கித் தரும் சேவையை எப்படி அமைப்பீர்கள் என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. உடனே கட்டம் போட ஆரம்பித்துவிடாதீர்கள். எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எழுதுவது அதிகமா, படிப்பது அதிகமா என்று முதலில் கேளுங்கள். தினம் ஒரு கோடி புது முகவரி என்றால், ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆக, விநாடிக்குச் சுமார் 116! 'கோடி' என்று கேட்டபோது வந்த மலைப்பு, வகுத்துப் பார்த்ததும் இறங்கிவிடுகிறது பாருங்கள். இங்கே ஒரே ஒரு சரியான விடை கிடையாது. காரணம் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, நீங்கள் செய்த வேலை. இதில்தான் நம்மவர்கள் அநியாயத்துக்குக் கோட்டை விடுகிறார்கள். அடக்கமாகப் பேசி வளர்ந்தவர்கள் இல்லையா? "நாங்க பண்ணினோம், எங்க டீம் முடிச்சுது" என்றே சொல்வார்கள். எதிரில் இருப்பவருக்கு உங்கள் பங்கு எது என்றே தெரியாது. "டீம்ல ஐந்து பேர். அதில் பணம் செலுத்தும் பகுதியை நான் எழுதினேன்" என்று சொல்வது தற்பெருமை இல்லை, தகவல். எது பிரச்னையாக இருந்தது, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது... இந்த நான்கு படியில், உங்கள் அனுபவத்திலிருந்து ஐந்தாறு சம்பவங்களை எழுதி வையுங்கள். ஒன்று, சரியாகப் போகாத வேலையாக இருக்கட்டும். ஒன்று, சக ஊழியரோடு வந்த கருத்து வேற்றுமையாக இருக்கட்டும். இரண்டையும் கட்டாயம் கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஹெச்.ஆர். சம்பளம், வேலையை விட்டு வர எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் போன்ற சமாசாரங்கள். உங்கள் நியமன உத்தரவை முன்கூட்டியே எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

தூங்கினால்தான் பதியும்

'தூக்கம் போனா போகுது, படிப்பு முக்கியம்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1924-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்து, சில மணி நேரம் கழித்துச் சொல்லச் சொன்னார்கள். இடைப்பட்ட நேரத்தில் விழித்திருந்தபோது மறந்ததைவிட, தூங்கியபோது மறந்தது குறைவு. அதற்குப் பிறகு நூறு வருடமாக நடக்கிற ஆராய்ச்சிகளும் தூக்கத்தின் பக்கமே பேசுகின்றன. பகலில் கற்றதை மூளை அடுக்கி வைக்கிற நேரம் அது.

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்கள் 2015-ல் அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஆறு வாரம் தொடர்ந்து ஐந்து மணி நேரமே தூங்கிவிட்டு, கடைசி நாள் ராத்திரி மட்டும் எட்டு மணி நேரம் தூங்கினால் கணக்கு சரியாகிவிடாது!

காபியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடித்த காபியின் காஃபீன், ரத்தத்தில் பாதியாகக் குறையவே பலருக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டிகிரி காபி, ராத்திரி பதினோரு மணிக்கும் பாதி விழித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மதியம் இரண்டு மணியோடு காபி, டீயை நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

மூடி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்

விடைகளைத் திரும்பத் திரும்பப் படிப்பது ஒரு சுகமான ஏமாற்று. படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க மனவியல் அறிஞர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னணி. ஒரு வாரம் கழித்து? நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவிகிதம் நினைவிருந்தது. மற்றவர்களுக்கு 42 சதவிகிதம்தான்!

ஆகவே, ஒரு கணக்கின் விடையைப் பார்த்தீர்களா? மூடிவிடுங்கள். வெள்ளைத்தாளில் நீங்களாக எழுதுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். பிறகு பத்து நாள் கழித்து ஒருமுறை. ஐந்நூறு கணக்கைக் கண்ணால் பார்ப்பதைவிட, நூறு கணக்கைக் கையால் திரும்பப் போடுவது மேல்.

வேலையில் இருந்துகொண்டே தயாராக ஒரு சுலபமான அட்டவணை இதோ:

* திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு மணி நேரம். முடிந்தவரை காலையில். ராத்திரி பத்தே முக்காலுக்குப் படுத்து, ஆறு மணிக்கு எழுந்தாலே ஏழு மணி நேரத் தூக்கம் கிடைத்துவிடும்.
* சனிக்கிழமை மூன்று மணி நேரம், நடுவில் இரண்டு இடைவேளைகளோடு. ஞாயிறு பூரண விடுமுறை!
* ஆறு வாரத்தில் மொத்தம் 48 மணி நேரம் சேர்ந்துவிடும். முதல் மூன்று வாரம் கணக்குகள். அடுத்த இரண்டு வாரம் சிஸ்டம் டிசைன். கடைசி வாரம் புதிதாக எதுவும் வேண்டாம். ஒத்திகை மட்டும்.

மொட்டை மாடி வைத்தியம்

இந்த ஒத்திகைதான் மருந்து. மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகையில் சேராது. வாயைத் திறந்து பேச வேண்டும். சாயங்காலம் மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடந்துகொண்டே, உங்கள் சம்பவங்களில் ஒன்றை உரக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த இடுப்புக்கும் ஆச்சு, இன்டர்வியூவுக்கும் ஆச்சு. பக்கத்து வீட்டு மாமி ஒரு மாதிரி பார்த்தால், பார்த்துவிட்டுப் போகட்டும்!

அடுத்த படி, ஒரு ஆளை எதிரில் உட்கார வையுங்கள். கணவரோ, மனைவியோ, அம்மாவோ யாராக இருந்தாலும் சரி. அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. "ஏன் அப்படிச் செஞ்சே?", "அப்புறம் என்ன ஆச்சு?" இந்த இரண்டு கேள்வி கேட்டால் போதும். இன்னொரு ஆள் பார்க்கும்போது பேசிப் பழகுவதுதான் நோக்கம். பிறகு, துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை, கடிகாரம் வைத்து, முழு ஒத்திகை பாருங்கள். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான்காவது தடவை நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

உங்கள் பங்கும் பெரிது. "பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைச்சுடுச்சாமே" என்ற ஒற்றை வரி, ஒரு வார ஒத்திகையைக் கரைத்துவிடும். "எப்ப ரிசல்ட்?" என்று தினம் கேட்காதீர்கள். தெரிந்தால் அவர்களே சொல்வார்கள். காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் பால்காரர், காஸ் சிலிண்டர், குழந்தையின் டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, தயாராவது வீட்டுப் பெண் என்றால் இதை இரண்டு தடவை படியுங்கள். மகன் படித்தால் கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். மருமகள் படித்தால் "சட்னிக்குத் தேங்காய் இருக்கா?" என்று கதவைத் தட்டுகிறோம். நியாயமா?

அந்த நாள்...

இப்போது பல சுற்றுகள் வீட்டிலிருந்தே வீடியோவில் நடக்கின்றன. லேப்டாப்பை முழுசாக சார்ஜ் செய்து வையுங்கள். நெட் போனால் செல்போனிலிருந்து எடுக்கும்படி முந்தின நாளே சோதித்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில், காலிங் பெல் இரண்டுக்கும் அந்த ஒரு மணி நேரம் விடுமுறை!

சாப்பாடு வழக்கமானதாக இருக்கட்டும். இரண்டு மூன்று இட்லி போதும். நெய் சொட்டும் பொங்கலும் வடையும் தூக்கத்தைக் கொண்டுவரும். வெறும் வயிறு படபடப்பைக் கூட்டும். தினம் ஒரு காபி என்றால் அன்றைக்கும் ஒன்றே. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும்.

ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் மூச்சு. மூக்கால் ஒரு இழுப்பு, விடாமல் அதன்மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் மெதுவாக, நீளமாக விடுங்கள். ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் இப்படிச் செய்தவர்களுக்கு மனநிலை தெளிந்ததாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2023-ல் சொன்னது. ஆகவே, அன்றைக்குத்தான் ஆரம்பிப்பேன் என்று இருக்காதீர்கள்.

"பயப்படாதே, பயப்படாதே" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளாதீர்கள். "எனக்கு உற்சாகமா இருக்கு" என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற பேராசிரியர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசுவதற்கும் பாடுவதற்கும் முன்னால் இப்படி வாய்விட்டுச் சொன்னவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகவே செய்தார்கள். பயத்திலும் சரி, உற்சாகத்திலும் சரி, இதயம் வேகமாகத்தான் அடிக்கும். பெயரை மாற்றுவது நம் கையில்.

கேள்வி புரியவில்லையா? கேளுங்கள். "ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்பது மரியாதையான வாக்கியம். மாட்டிக்கொண்டால் மௌனமாகிவிடாதீர்கள். எதுவரை வந்தீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பல இன்டர்வியூக்காரர்கள் அங்கே ஒரு குறிப்பு கொடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஒரே ஒரு மாத்திரை, படபடப்பு போயே போச்சு" என்று யாராவது ப்ராப்ரனலாலை நீட்டினால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் ஆபத்து. டாக்டர் பார்த்துச் சொன்னால் மட்டுமே. தூக்க மாத்திரைக்கும் இதே விதிதான்.

கிடைக்காவிட்டால்?

இதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. நிராகரித்ததற்கான காரணத்தைப் பல கம்பெனிகள் சொல்வதில்லை. அந்தப் பணியிடமே ரத்தாகியிருக்கலாம். உள்ளேயே ஒருவரை எடுத்திருக்கலாம். அன்று ராத்திரியே, கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவிட்டு மூடி வையுங்கள். இரண்டு நாள் ஓய்வு. பிறகு அந்தக் கேள்விகளுக்கான விடையை நிதானமாக எழுதிப் பாருங்கள். அடுத்த இன்டர்வியூவுக்கு இதைவிட நல்ல கைடு கிடையாது.

ஆனால், இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பே ஓடுகிறது என்றால், அது இன்டர்வியூ பிரச்னை இல்லை. டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் இருப்பவர்களும் அவரைத் தனியாக விடாதீர்கள்.

ஒரு கம்பெனி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுச் சொல்கிற அபிப்பிராயம், ஆறு வருட உழைப்புக்கான தீர்ப்பு ஆகாது. அடுத்த அழைப்பு வரும்போது தெளிவான தலையும், நன்றாகத் தூங்கிய கண்களும் இருந்தால், தெரிந்த பதில் தானாக வெளியே வரும். முதல் காரியமாக, நாளைக் காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு, இன்றைக்குச் சீக்கிரமே படுத்துக்கொள்ளுங்கள்!